ஊஞ்சலில் உட்கார்ந்தால் போகும் வைஃபை

"பழம்" என்று அம்மா மூன்றாவது முறை சொன்னபோது திரை உறைந்துபோனது. ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி தாண்டியிருந்தது. சிங்கப்பூரில் ஏழரைக்கு மேல். ஆறு குழந்தைகள் தங்கள் வீடுகளில் உட்கார்ந்து, நாக்கு நுனியை மேலே வளைத்து, அண்ணத்தை லேசாக வருடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் லேப்டாப்பின் மூலையில் இருந்த வைஃபை விசிறி மறைந்து அந்த இடத்தில் பூமி உருண்டை வந்தது. அரை நிமிடம் கழித்துத் தானாகவே திரும்ப வந்தது. அதற்குள் இரண்டு குழந்தைகள் வகுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியேறிவிட்டார்கள்.

அம்மா 31 வருடம் தமிழாசிரியை. ஓய்வு பெற்ற பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், நங்கநல்லூர் வீட்டில் உட்கார்ந்தபடியே இந்தக் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். அதற்காகப் பகலெல்லாம் படம் வெட்டி ஒட்டி அட்டைகள் தயாரிப்பார். ஒரு வகுப்பில் நான்கு தடவை இணைப்பு அறுந்தால் அவர் முகம் வாடிப்போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. குழந்தைகளின் கவனம் ஒரு தடவை கலைந்தால் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவரப் பத்து நிமிடம் ஆகும் என்பார். பள்ளியில் கற்றுக்கொடுத்த எவருக்கும் அது தெரியும்.

அடிக்கடி வைஃபை போகிற லேப்டாப்பைச் சரிசெய்ய எனக்கு ஆறு வாரம் ஆனது. இதே தொல்லை பல வீடுகளில் இருக்கிறது. அதனால் நான் போன வழியை, தப்பான திருப்பங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் செய்தேன். அவர்கள் ஆள் மூன்று தடவை வந்தார். ஃபைபர் முனையை வெட்டிப் புதிதாக இணைத்தார், ரவுட்டரையே மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது தடவை, "சார், என் மீட்டர்ல எல்லாம் சுத்தமா இருக்கு, உங்க போன்லயும் வேகம் வருது பாருங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். அதே கூடத்தில் என் போனில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு தகவலை நான் முதல் நாளே எடை போட்டுப் பார்த்திருந்தால் அவரை மூன்று தடவை மழையில் அலைய விட்டிருக்க மாட்டேன்.

சிக்கல் "நெட் போச்சு" என்று நாம் சொல்லும் சொல்லிலேயே இருக்கிறது. லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் காற்றில் ஒரு கண்ணி. ரவுட்டரிலிருந்து தெருக்கம்பம் வழியாக நிறுவனத்தின் நிலையம் வரை இன்னொரு கண்ணி. அங்கிருந்து வெளி உலகத்துக்கு மூன்றாவது. எதில் அறுந்தாலும் வீட்டில் நாம் சொல்வது "நெட் போச்சு" என்றுதான். எது அறுந்தது என்று தெரியாமல் கைவைத்தால், கால் வலிக்குக் கண்ணாடி மாட்டிய கதையாகிவிடும்.

அறுந்த கண்ணியைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புச் சன்னலை இரண்டு தடவை திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிங் கட்டளையால் (ping -t என்று தட்டி, பக்கத்தில் முகவரி) ரவுட்டரை, மற்றொன்றில் வெளியே இருக்கும் ஒரு முகவரியை, நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வெளி முகவரிக்கு 8.8.8.8 போதும். இணைப்பு போகும் நேரத்தில் இரண்டு சன்னலையும் பாருங்கள். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்து வெளி முகவரி மட்டும் மௌனமானால் குற்றம் வீட்டுக்கு வெளியே. இரண்டுமே மௌனமானால் காற்றில் இருக்கும் அந்த முதல் கண்ணிதான் அறுந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நொடியில் நின்றன. ரவுட்டர் புதிது, அதே நேரத்தில் போன் நன்றாக ஓடியது. மிச்சம் இருந்தது லேப்டாப்.

அடுத்ததாக, விண்டோஸே வைத்திருக்கும் நாட்குறிப்பு. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்" என்ற கட்டளையைக் கொடுத்தால் (ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்: netsh wlan show wlanreport) ஓர் அறிக்கை உருவாகும். பிரவுசரில் திறந்து பார்க்கலாம். கடந்த மூன்று நாளில் எப்போதெல்லாம் இணைந்தது, எப்போதெல்லாம் அறுந்தது, ஏன் என்று லேப்டாப் நினைக்கிறது என்பதெல்லாம் படமாக வரும். இவ்வளவு உபயோகமான ஒன்றை இத்தனை ஆண்டுகள் தெரியாமல் இருந்துவிட்டேனே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அதில் எங்கள் லேப்டாப்பின் அறுப்புகள் பெரும்பாலும் "டிரைவர் துண்டித்தது" என்ற காரணத்தோடு இருந்தன. பயனர் துண்டித்ததாகவோ ரவுட்டர் வெளியே அனுப்பியதாகவோ இல்லை.

டிரைவர் என்பது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள். அது ஏன் துண்டிக்கும்? இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம் விளங்கியது. ரவுட்டர் சும்மா இருக்கும்போதும் "நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது" என்று ஓர் அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு பீக்கன் என்று பெயர். வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒரு தடவை, அதாவது நொடிக்கு ஏறக்குறையப் பத்து. லேப்டாப்பின் வைஃபை கார்டு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு தவறினால் கவலைப்படாது. வரிசையாகப் பல தவறினால், ரவுட்டர் போய்விட்டது என்று முடிவு செய்து இணைப்பைத் தானே விட்டுவிடும். நாம் பார்க்கும் பூமி உருண்டை அந்த முடிவின் அடையாளம். ஆக, கேள்வி மாறிவிட்டது: ரவுட்டர் சத்தமாகத்தான் கூப்பிடுகிறது, நம் லேப்டாப்புக்கு ஏன் காதில் விழவில்லை?

மூன்று காரணங்கள் இருக்கலாம். அது தூங்கிக்கொண்டிருக்கலாம். சுற்றிலும் இரைச்சல் அதிகமாக இருக்கலாம். அல்லது காதே பழுதாகியிருக்கலாம்.

தூக்கத்திலிருந்து தொடங்கினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை கார்டு பீக்கன்களுக்கு நடுவே கண்ணயர்ந்துவிட்டு, குறித்த நேரத்தில் விழித்துக் கேட்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில கார்டு, சில ரவுட்டர் ஜோடிகளுக்குள் இந்தத் தாளம் தப்பும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்களின் கீழ் வைஃபை கார்டைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தில் "மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம்" என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். சில புது லேப்டாப்புகளில் அந்தப் பக்கமே இருக்காது, பயப்பட வேண்டாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜர் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருந்தால் அதை 2 ஆக்கினால் தூக்கம் நிற்கும்.

டிக்கை எடுத்ததும் பலன் தெரிந்தது. அம்மா டீ போடப் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் அறுந்து கிடந்த இணைப்பு இப்போது இருந்தது. அன்று இரவு சரியாகிவிட்டது என்றே நம்பினோம். வியாழக்கிழமை வகுப்பில் மூன்று தடவை போயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். ஒரே கோளாறுக்கு இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கலாம். ஒன்றைச் சரிசெய்த பிறகும் தொல்லை நீடித்தால், செய்தது தப்பு என்று நினைத்து அதைப் பழையபடி மாற்றிவிடுகிறோம். அப்புறம் இரண்டாவதைச் சரிசெய்கிறோம், அப்போதும் போகிறது, ஏனென்றால் முதலாவது திரும்ப வந்துவிட்டது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பலர் லேப்டாப்பையே தூக்கிப் போடுகிறார்கள். என் அண்ணன் வீட்டில் அப்படித்தான் நடந்தது. செய்வதை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள், எதை மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

அடுத்தது இரைச்சல். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். போனில் ஓர் ஆப் போட்டுப் பார்த்தபோது கூடத்திலிருந்து பத்தொன்பது வைஃபை பெயர்கள் தெரிந்தன. இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமமில்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005-ல் விதி வந்தது. அந்த விதி இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு ரவுட்டர் என்பதே சாத்தியமில்லை. ஆனால் அந்த வெளியின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்குள் 13 சேனல்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, ஆனால் ஒவ்வொரு வைஃபைக்கும் ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. நாலு பேர் உட்காரும் பெஞ்சில் பதிமூன்று இடத்துக்கு எண் எழுதி வைத்ததுபோல. ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும் என்றால் 1, 6, 11 மூன்றும்தான் தேறும். எங்கள் ரவுட்டர் 3-ல் இருந்தது. இரு பக்கத்து ஆட்களின் பேச்சும் அதன் காதில் விழும் இடம். மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அம்மாவின் புளூடூத் ஹெட்போனும் அதே வெளியில்தான்.

11-க்கு மாற்றினேன். வேகம் கூடியது, அறுப்பு குறையவில்லை. யோசித்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. வைஃபை ஒழுங்கான வகுப்பறை மாதிரி. பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்கும். பேசினால் காத்திருந்து, அதன் பிறகு வாய் திறக்கும். கூட்டம் அதிகமானால் முறை வர நேரமாகும், அதாவது மெதுவாகும். முழுக்க அறுந்துபோவது அபூர்வம். மெதுவாவதும் அறுவதும் வேறு வேறு நோய் என்பதை இங்கேதான் உணர்ந்தேன். 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இடம் தாராளம், ஆனால் அதற்குச் சுவரைத் தாண்டும் வலு குறைவு. ரவுட்டருக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவே இரண்டு செங்கல் சுவர்கள். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் இங்கேயும் அங்கேயும் தாவிக்கொண்டிருக்கலாம். அதனால் தனித்தனிப் பெயர் வைத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை.

டிரைவரைப் புதுப்பித்தேன், பழையதற்குத் திரும்பினேன், நெட்வொர்க் ரீசெட் செய்தேன். பலன் இல்லை. யூஎஸ்பி 3.0 சாதனங்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. அப்பாவின் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். அதுவும் நிரபராதி.

இதற்கிடையே வகுப்பு நிற்கக் கூடாது. அதற்கு ஒரு தற்காலிக ஏற்பாடு உதவியது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், போன் வாங்கும் வைஃபையே கம்பி வழியாக லேப்டாப்புக்கு வந்துவிடும். டேட்டா செலவில்லை. இரண்டு வகுப்பு முழுசாக ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. உங்கள் லேப்டாப்பில் குற்றம் உள்ளே இருக்கிறதா என்று உறுதி செய்யவும் இது நல்ல சோதனை: அதே இடத்தில், அதே ரவுட்டரில், போன் தாக்குப்பிடிக்கிறது, லேப்டாப் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கம்பி பிடிக்கவில்லை. படம் காட்ட அட்டையை எடுக்கும்போது போன் கீழே விழுந்தது.

பக்கத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் மேசையில் வைத்து யூடியூப் ஓடவிட்டார், நன்றாகத்தான் ஓடியது. "நாலு வருஷம் ஆச்சு சார், போர்டுல பிரச்சினை வந்திருக்கும், எக்ஸ்சேஞ்ச் போட்டுடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். "மேசையில வச்சப்போ கடையில போகலைன்னுதானே சொல்ற? நான் முதல்லேருந்து சொல்லிட்டே இருக்கேன்டா. ஊஞ்சல்ல உட்கார்ந்தாதான் போகுது. சாப்பாட்டு மேசையில போறதில்லை."

உண்மைதான், அவர் முதல் வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஊஞ்சலையும் வைஃபையையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. ரவுட்டர், சேனல், டிரைவர் என்று பெயர் தெரிந்த பொருள்களை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கருவியோடு வாரத்தில் பத்து மணி நேரம் இருப்பவர் அவர்தான். அவர் பார்த்ததை நான் தகவலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"சரிம்மா, அப்படின்னா எழுதி வைங்க" என்றேன். அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். பள்ளியிலிருந்து கொண்டுவந்த, பயன்படுத்தாத வருகைப் பதிவேடு ஒன்றில், பெயர் எழுதும் இடத்தில் தேதியும் நேரமும், அடுத்து இடம், அப்புறம் எத்தனை தடவை போயிற்று என்ற எண், கடைசிக் கட்டத்தில் குறிப்பு. கோடு போட்டுச் சிவப்புப் பேனாவில் கூட்டுத்தொகை வேறு. கம்பி போடாத வகுப்புகள் எட்டு. சாப்பாட்டு மேசையில் நான்கு: மொத்தம் ஓர் அறுப்பு. ஊஞ்சலில் நான்கு: பதின்மூன்று அறுப்பு.

தூரம்தான் காரணம் என்று உடனே நினைத்தேன். அளந்து பார்த்தால் ஊஞ்சல்தான் ரவுட்டருக்குக் கிட்ட, நடுவில் சுவரே இல்லை. மேசை பக்கத்து அறையில், ஒரு சுவர் தள்ளி. கிட்ட இருக்கும்போது அறுந்து, தள்ளி இருக்கும்போது நிற்கிறது. அந்தக் கணக்குப் புரியாமல் பதிவேட்டை மேலும் கீழும் பார்த்தபோது மேசையில் நடந்த அந்த ஒரே ஒரு அறுப்பின் குறிப்புக் கட்டம் கண்ணில் பட்டது. "சன்னல் வெளிச்சம் கண் கூசியது. மூடியைப் பின்னால் சாய்த்தேன்."

ஊஞ்சலில் அம்மா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வார். முகம் தெரிய வேண்டும் என்று மூடியை நன்றாகப் பின்னால் சாய்ப்பார். மேசையில் அது நேராக நிற்கும்.

பல லேப்டாப்புகளில் வைஃபையின் ஆண்டெனா கீழே விசைப்பலகைப் பக்கம் இருப்பதில்லை. மூடிக்குள், திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். உயரத்தில் இருந்தால் நன்றாகக் கேட்கும் என்பதற்காக. அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்று, பெரும்பாலும் 1.13 மில்லிமீட்டர் தடிமன்தான், கீல் வழியாக இறங்கி, கீழ்ப்பகுதியில் இருக்கும் வைஃபை கார்டில் ஒரு குட்டிப் பித்தான் மாதிரிப் போய்ப் பொருந்தும். மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்தக் கம்பி கீலோடு சேர்ந்து வளைகிறது. நாலு வருடம், தினம் பத்து தடவை.

அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சோதித்தேன். "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்" (netsh wlan show interfaces) என்ற கட்டளை சிக்னல் எத்தனை சதவீதம் என்று சொல்லும். மூடி நேராக நின்றபோது 90. மெல்லச் சாய்த்தேன். 88, 88, 86. இன்னும் கொஞ்சம். 30. திரும்ப நிமிர்த்தினேன், 90. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அம்மாவே கை நீட்டி ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார். 30.

சதவீதத்தில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஆனதுபோலத்தான் தெரியும். உண்மையில் விழுந்தது அதைவிட மிகப் பெரியது. சிக்னலின் வலுவை அளக்கும் அலகு டிபிஎம். விண்டோஸ் கணக்கில் 100 என்பது -50 டிபிஎம், 0 என்பது -100 டிபிஎம். ஆக 90 என்றால் -55, 30 என்றால் -85. இந்த அளவுகோலில் ஒவ்வொரு 10-க்கும் வலு பத்தில் ஒரு பங்காகும். 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீடியோ வகுப்புக்கு -67 அளவாவது இருந்தால் நல்லது. -80-க்குக் கீழே போனால் பீக்கன்கூட ஒழுங்காகக் காதில் விழாது. மூடி சாய்ந்ததும் எங்கள் லேப்டாப் ஏறக்குறையச் செவிடாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு பேருமே கிளம்பினோம். நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். அந்தத் தெருவை எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து பிடிக்கும். இரண்டு பக்கமும் குவிந்து கிடக்கும் கேபிள்கள், முதல் மாடிக்குப் போகும் குறுகலான படிகள், ஒவ்வொரு படியிலும் ஒரு கடை. பொருளைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுகிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். மாடியில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், அம்மாவின் பதிவேட்டை வாங்கி முதலில் படித்தார். "இந்த மாதிரி எழுதிக் கொண்டுவந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்மா" என்றார். அம்மாவுக்கு அன்று முழுக்க அந்த வார்த்தை போதும்.

திருகுகளைக் கழற்றி, முதலில் பேட்டரியின் இணைப்பை எடுத்தார். வீட்டில் திறக்க நினைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. எங்களுடையது ஒரே ஆண்டெனாவோடு வேலை செய்யும் கார்டு. விலை குறைந்த லேப்டாப்புகளில் இது சகஜம். இரண்டு ஆண்டெனா உள்ள கார்டாக இருந்திருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு தாங்கியிருக்கும். கார்டில் பித்தான் இறுக்கமாகத்தான் இருந்தது. அதைக் கழற்றும்போது நகத்தால் நெம்பாமல், நேர் மேலே தூக்கினார். இந்த யு.எஃப்.எல் வகைப் பித்தான்களைச் சுமார் 30 தடவை கழற்றி மாட்டுவதற்குத்தான் தயாரிக்கிறார்கள், அதனால் விளையாட்டாகக் கழற்றிக் கழற்றிப் பார்க்கக் கூடாது என்றார். பிறகு திரையின் சட்டத்தைப் பிளாஸ்டிக் பட்டையால் சுற்றிலும் விடுவித்து, இடப்பக்கக் கீலைத் திருப்பிக் காட்டினார்.

கறுப்புக் கம்பி கீலுக்குள் நசுங்கி மேலுறை உரிந்திருந்தது. உள்ளே இருக்கும் வெள்ளிப் பின்னல் ஒரு பக்கம் முழுக்க அறுந்து, மூன்று நான்கு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடி நிமிர்ந்திருந்தால் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடும். சாய்ந்தால் விலகும். ஊஞ்சல் ஆடும்போது தொட்டும் விலகியும் இருந்திருக்கும்.

பழைய லேப்டாப் ஒன்றிலிருந்து அதே நீளக் கம்பியோடு கூடிய ஆண்டெனாவை எடுத்துப் பொருத்தினார். கம்பியைக் கீலின் பள்ளத்தில் கொஞ்சம் தளர்வாக விட்டு, ஒரு துண்டு டேப்பால் ஒட்டினார். முதலில் இழுத்துக்கட்டியதால்தான் நசுங்கியது என்றார். முக்கால் மணி நேரம், 700 ரூபாய். பேட்டரியை மாட்டி, சிக்னலைப் பார்த்தபடி மூடியை முழுக்கச் சாய்த்தார். எண் அசையவில்லை. "இன்னும் சாய்ங்க தம்பி" என்றார் அம்மா. அதற்குமேல் சாயாது, அந்த மூடியின் எல்லை அவ்வளவுதான்.

திறக்கத் தயங்குகிறவர்கள், கழற்ற ஆள் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதற்குள்ளேயே தனி ஆண்டெனா இருப்பதால் மூடிக்குள் இருக்கும் கம்பி பழுதானாலும் பாதிக்காது. யூஎஸ்பி 2.0 துளையில் மாட்டுங்கள். ஒரே இடத்தில் வைத்து வேலை செய்பவர் என்றால் லேன் கேபிள் இன்னும் நிம்மதி. ஆனால் எதற்கும் முன்னால் மூடியை ஒரு தடவை சாய்த்து சிக்னலைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. லேப்டாப்பைத் தூக்கி நடந்தால் போகிறதா, ஒரு மூலையைப் பிடித்தால் போகிறதா, சூடானால் போகிறதா என்றும் பாருங்கள். அந்த லேப்டாப்பைத் தினமும் தொடுகிறவரிடம் எப்போது போகிறது என்று கேளுங்கள், அவர் சொல்லும் காரணம் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மாலை அம்மா ஊஞ்சலிலேயே உட்கார்ந்தார். கம்பி இல்லை, போன் இல்லை, மடியில் லேப்டாப், பக்கத்தில் பட அட்டைகள். ஆறு குழந்தைகளும் வந்தார்கள். "பழம்" முடிந்து "வாழை", "கிழக்கு", "மழை" வரை போயிற்று. சிங்கப்பூரில் அப்போது நிஜமாகவே மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு பெண் குழந்தை சன்னலைத் திறந்து காட்டினாள், சத்தம் எங்கள் கூடம் வரை கேட்டது.

இரவு பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அம்மா அன்றைய வரியையும் எழுதியிருந்தார். இடம்: ஊஞ்சல். எத்தனை தடவை: 0. குறிப்புக் கட்டத்தில், "மூடியை முழுவதும் சாய்த்தேன். ஊஞ்சலை நிறுத்தவில்லை."